தண்ணீர் உருக்கிய கல்

நம் நாட்டில் எரிமலை உண்டா?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஜப்பானில் உண்டு, இந்தோனேசியாவில் உண்டு, டி.வி.யில் பார்த்திருக்கிறோம் என்பார்கள். ஆனால் நம் நாட்டிலும் ஒன்று உண்டு. இப்போதும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் பாரன் தீவு. பாரன் என்றால் ஆங்கிலத்தில் தரிசு என்று அர்த்தம்.

அந்தமான் தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து கடலில் வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் போனால் பாரன் தீவு வரும். சின்னத் தீவு. குறுக்கே மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். கல்பாத்தியிலிருந்து ஒலவக்கோட்டு ரயில் நிலையம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு மேலே தெரியும் உயரம் சுமார் 350 மீட்டர். ஆனால் அந்த மலை கடலுக்கு அடியில் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எழும்பி நிற்கிறது. கோபுரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது. நாம் பார்ப்பது கலசத்தை மட்டும்தான்.

இந்த மலை புகைந்ததைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1787-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. பிறகு சில முறை வெடித்தது. அப்புறம் அடங்கிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சத்தம் இல்லை. செத்துப்போன எரிமலை என்றுகூட நினைத்தார்கள். 1991-ல் திடீரென்று விழித்துக்கொண்டது. பல மாதம் நெருப்பும் சாம்பலும் கக்கியது. மறுபடி 1994-95-ல், 2005-ல், 2017-ல் என்று தொடர்கிறது. 2025 செப்டம்பரிலும் சிறிதாகப் பொங்கியது. அங்கே மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. ஆடுகள் மட்டும் இருக்கின்றன. எப்போதோ கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன ஆடுகளின் வம்சம் என்கிறார்கள். 1991 நெருப்பிலும் அவை பிழைத்துக்கொண்டன!

பாரன் தீவுக்கு வடக்கே இன்னொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அது நார்கொண்டம். நரக குண்டம் என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். பெயர்தான் நரகம். இடமோ பச்சைப் பசேல் என்ற காடு. அந்த எரிமலை அடங்கி வெகு காலம் ஆகிவிட்டது. நம் கேரளத்தின் மாநிலப் பறவை இருவாச்சி. மலையாளத்தில் வேழாம்பல். அந்தப் பறவையின் உறவுக்கார இனம் ஒன்று நார்கொண்டத்தில் மட்டும்தான் வாழ்கிறது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

இப்போது ஒரு படத்தை மனதில் வரைந்து பாருங்கள். வடக்கே பர்மாவில் போபா என்ற எரிமலை. அதற்குத் தெற்கே கடலில் நார்கொண்டம். அடுத்து பாரன் தீவு. பிறகு சுமத்ரா, ஜாவா. அதற்கும் கிழக்கே பல தீவுகள். எல்லாவற்றையும் ஒரு கோட்டால் இணைத்தால் வில் போல வளைந்து வரும். ஆகவேதான் இப்படிப்பட்ட வரிசையைத் தீவு வளைவு என்று சொல்கிறார்கள். ஜப்பானும் பிலிப்பைன்ஸும் இதுபோன்ற வளைவுகள்தான்.

எரிமலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன? அதற்குக் காரணம் தண்ணீர். ஆம், தண்ணீர்தான். நெருப்பைக் கக்கும் மலைக்குத் தண்ணீர் காரணம் என்று முதலில் படித்தபோது எனக்கும் நம்ப முடியவில்லை. ஆனால் அந்தத் தீவுகளின் கல்லைப் பொடித்துச் சோதித்தால் அதில் தண்ணீரின் அடையாளம் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கல் என்பது ஒரே பொருள் அல்ல. நம் சாம்பார்ப் பொடி மாதிரி. மல்லி, மிளகாய், வெந்தயம், பருப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பொடி. எதை எவ்வளவு போட்டார்கள் என்பதில்தான் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறது. கல்லும் அப்படித்தான்.

தீவு வளைவில் கிடைக்கும் சாதாரணக் கறுப்புக் கல்லை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பசால்ட் என்று பெயர். நூறு கிலோ பசால்ட்டில் சுமார் 50 கிலோ சிலிக்கா இருக்கும். சிலிக்கா என்றால் பயப்பட வேண்டாம். ஆற்று மணலில் பளபளவென்று மின்னுகிறதே, அதுதான். அடுத்தது அலுமினா, 17 அல்லது 18 கிலோ. சோறு வடிக்கும் அலுமினியப் பாத்திரத்தில் இருக்கும் அதே அலுமினியம், பிராணவாயுவோடு சேர்ந்த நிலையில். பிறகு சுண்ணாம்புச் சத்து 10 கிலோ. இரும்பு, துருப்பிடித்த நிலையில் 9 கிலோ. மெக்னீசியம் ஆறு கிலோ. உப்பில் இருக்கும் சோடியம் மூன்று கிலோ. வாழைப்பழத்திலும் அடுப்புச் சாம்பலிலும் இருக்கும் பொட்டாசியம் ஒரு கிலோவுக்கும் குறைவு. டைட்டானியம் என்ற உலோகமும் ஒரு கிலோவுக்கும் குறைவு.

கடைசியில் சொன்ன டைட்டானியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மும்பை, புனே பக்கம் போனவர்கள் கறுப்பான அடுக்கு மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்தது அந்தக் கல்லில்தான். அதுவும் பசால்ட்தான். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வெள்ளமாக ஓடிய குழம்பு அது. கண்ணால் பார்த்தால் பாரன் தீவுக் கல்லும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மராட்டியக் கல்லில் டைட்டானியம் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று வரை இருக்கும். தீவு வளைவுக் கல்லில் ஒன்றைத் தாண்டுவது அபூர்வம். அங்கே அதிகம், இங்கே குறைவு. இது தற்செயல் அல்ல. இரண்டும் பிறந்த விதம் வேறு.

கல் எப்படி உருகுகிறது?

பூமிக்கு உள்ளே எல்லாம் நெருப்புக் குழம்பு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. நாம் நிற்கும் ஓட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது கெட்டிப் பாறைதான். பயங்கரமான சூடு இருக்கிறது. ஆனால் மேலே இருக்கும் பாரம் அதை உருகவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது?

வெல்லப்பாகு காய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். வெறும் உருளியில் வெல்லக் கட்டியைப் போட்டு அடுப்பை மூட்டினால் என்ன ஆகும்? லேசில் உருகாது. அதிகச் சூடு வேண்டும். அடி பிடிக்கும். அதே உருளியில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். சின்னத் தீயிலேயே வெல்லம் இளகி ஓடிவிடும். வெல்லம் தண்ணீரில் கரைவதும் பாறை உருகுவதும் முழுக்க ஒன்றல்ல. ஆனால் சங்கதி அதேதான். ஆழத்தில் இருக்கும் சூடான பாறையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால், அது பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே உருக ஆரம்பித்துவிடும்.

சரி, 100 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரை யார் கொண்டு போனார்கள்?

கடலின் அடித்தரைதான் கொண்டு போகிறது. பூமியின் ஓடு ஒரே துண்டு அல்ல. ஆமையின் முதுகு போலப் பல துண்டுகள். நாம் இருக்கும் துண்டு இந்தியத் தட்டு. அது வடகிழக்குப் பக்கமாக வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. கை நகம் வளரும் வேகம்தான். அந்தமானுக்கு மேற்கே இந்தத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைந்து கீழே இறங்குகிறது. வங்காள விரிகுடாவின் அடித்தரை மெல்ல மெல்லப் பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் நடக்கிறது.

இறங்கும்போது அது தண்ணீரையும் சுமந்து போகிறது. குடத்தில் சுமப்பது போல அல்ல. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு தெரியும் அல்லவா? கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றுவார்கள். அது பொரிந்து பொடியாகும். அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் இருக்கும். ஊற்றின தண்ணீர் எங்கே? ஒரு பங்கு ஆவியாகிப் போயிற்று. மறு பங்கு சுண்ணாம்போடு சேர்ந்து, அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டது. அந்தப் பொடியை மறுபடி நன்றாகச் சுட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியே வந்துவிடும். கடலடிப் பாறையும் இப்படித்தான். கோடிக்கணக்கான ஆண்டு கடலில் ஊறி, தண்ணீரைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அதன் மேல் படிந்த சேற்றிலும் தண்ணீர் உண்டு. கீழே போகப் போகச் சூடு ஏறும். சூடு ஏற ஏறப் பூட்டின தண்ணீர் விடுபடும். விடுபட்ட தண்ணீர் மேல்நோக்கி ஏறி, மேலே இருக்கும் சூடான பாறையில் புகும். அங்கேதான் பாறை உருகுகிறது. உருகிய குழம்பு இலேசானது. அதனால் மேலே ஏறி வருகிறது.

ஏன் வரிசையாக வருகிறது என்பதும் இப்போது புரியும். இறங்கும் தட்டு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலேதான் எரிமலைகள் முளைக்கின்றன. நெடுக அந்த ஆழம் எங்கெங்கே வருகிறதோ அங்கங்கே ஒரு மலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தட்டு கீழே நுழையும்போது அதன் மேல் படிந்த சேறு முழுவதும் உள்ளே போவதில்லை. திருவலகில் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு பங்கு சுரண்டப்பட்டு மேலேயே குவிந்துவிடுகிறது. அந்தக் குவியல்தான் பெரும்பாலும் நாம் அந்தமான் என்று சொல்லும் பெரிய தீவுகள். ஆகவே போர்ட் பிளேர் நிற்பது எரிமலைமீது அல்ல. அதற்குக் கிழக்கே தள்ளி நிற்கும் பாரனும் நார்கொண்டமும்தான் எரிமலைகள்.

காப்பி டிகாக்‌ஷன் சொல்லும் கதை

இதெல்லாம் 100 கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதாகச் சொல்கிறீர்களே, யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாரும் போகவில்லை. போகவும் முடியாது. கல்தான் சாட்சி.

கல்பாத்தியில் காப்பியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். வெந்நீர் என்ன செய்கிறது? பொடியில் கரையக்கூடியதை மட்டும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நிறம், மணம், கசப்பு எல்லாம் டிகாக்‌ஷனில் வந்துவிடும். சக்கை பில்டரிலேயே தங்கிவிடும்.

பூமிக்குள் இறங்கும் தட்டிலிருந்து விடுபடும் சூடான தண்ணீரும் இதையே செய்கிறது. பேரியம், ஸ்ட்ரான்சியம், பொட்டாசியம், ஈயம் போன்றவை அந்தத் தண்ணீரில் சுலபமாகக் கரையும். அவற்றை அது அள்ளிக்கொண்டு வருகிறது. நயோபியம், டான்டலம், டைட்டானியம் போன்றவை லேசில் கரையாதவை. அவை சக்கையோடு கீழே போகின்றன. ஆகவே இப்படிப் பிறந்த கல்லில் முதல் கூட்டம் அதிகமாகவும் இரண்டாம் கூட்டம் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது.

கல்லை மாவாகப் பொடித்து, எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சி, எது எவ்வளவு என்று எடுக்கிறார்கள். நடுக்கடலில் தட்டுகள் விலகும் இடத்தில் பிறக்கும் பசால்ட்டில், ஒரு டன் கல்லுக்குப் பேரியம் பத்து, இருபது கிராம்தான். தீவு வளைவுக் கல்லில் நூறு கிராமைத் தாண்டுவது சகஜம். நயோபியமோ பல சமயம் ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம்தான் தேறும். ஒரு லாரி கல்லில் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையை வைத்துக் கல் எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு சாட்சி இதைவிட அதிசயமானது. வானத்தில் மிக உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பெரிலியம்-10 என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது மழையோடு சேர்ந்து கீழே விழுகிறது. கடலில் இறங்கிச் சேற்றில் படிகிறது. அது நிலையான பொருள் அல்ல. சுமார் 14 லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகத் தேய்ந்துகொண்டே போகும். பூமியின் ஆழத்தில் அது இருக்க வழியே இல்லை. எப்போதோ இருந்திருந்தாலும் தேய்ந்து தீர்ந்திருக்கும். ஆனால் 1980-களில் மத்திய அமெரிக்கா முதலிய சில இடங்களில், தட்டு இறங்கும் பகுதியில் உள்ள எரிமலைகளின் கல்லில் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். மழையில் விழுந்து, சேற்றில் படிந்து, தட்டோடு பூமிக்குள் போய், குழம்பில் கலந்து, எரிமலை வாயால் திரும்ப வந்திருக்கிறது. அதுவும் தேய்ந்து தீர்வதற்குள், சில பத்து லட்சம் ஆண்டுகளில். இதற்குப் பிறகு பெரிதாக வாதம் இல்லை.

ரசமும் கூழும்

பாரன் தீவில் பசால்ட்தான் அதிகம். நார்கொண்டத்தில் கல் வேறு. அங்கே ஆண்டசைட், டேசைட் என்ற சாம்பல் நிறக் கற்கள். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் ஆண்டசைட். பசால்ட்டில் சிலிக்கா நூற்றுக்கு 50 என்றோம். ஆண்டசைட்டில் 57 முதல் 63 வரை. டேசைட்டில் அதற்கும் மேலே.

ஒரே தட்டு இறங்கும்போது ஏன் இரண்டு வகைக் கல்? நெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். உருக்கின நெய்யை மெதுவாக ஆறவிட்டால், அடியில் மணல் மணலாக ஒரு பகுதி கட்டும். மேலே தெளிவாக ஒரு பகுதி நிற்கும். இரண்டும் ஒரே நெய்தான். ஆனால் இப்போது இரண்டும் ஒன்றல்ல. பாறைக் குழம்பும் மேலே வரும் வழியில் தங்கி ஆறும்போது, இரும்பும் மெக்னீசியமும் அதிகமுள்ள மணிகள் முதலில் கட்டி அடியில் நின்றுவிடும். மீதிக் குழம்பில் சிலிக்காவின் பங்கு கூடும். எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு கூடும். வழியில் இருக்கும் பழைய பாறையும் கொஞ்சம் கரைந்து சேர்வதுண்டு. நார்கொண்டத்துக் கல்லில் ஹார்ன்பிளெண்ட் என்ற கறுப்பு மணிகள் இருக்கின்றன. தண்ணீர் இல்லாத குழம்பில் அந்த மணி விளையாது. இங்கேயும் தண்ணீர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சிலிக்கா கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று தோன்றலாம். உயிர் போகிற விஷயம் அதில்தான் இருக்கிறது.

அடுப்பில் ரசம் கொதிக்கும்போது பாருங்கள். குமிழி வரும், உடையும், ஆவி போகும். பெரிய தொந்தரவு இல்லை. கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது பாருங்கள். பொத்துப் பொத்தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். கூழ் கெட்டி. ஆவி வெளியேற வழி இல்லாமல் முட்டி, கடைசியில் வெடிக்கிறது. சிலிக்கா அதிகமான குழம்பு கூழ் மாதிரி. அதோடு, தீவு வளைவின் குழம்பில் தண்ணீரும் அதிகம். நூறு கிலோ குழம்பில் நாலு கிலோ வரை சர்வ சாதாரணமாக இருக்கும். ஆழத்தில் அழுத்தம் இருக்கும் வரை அது கரைந்தே கிடக்கும். மேலே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, ஒரே நொடியில் நுரைத்து வெளியே பாயும். கால் தேய்க்கக் கடையில் விற்கும் ஓட்டை ஓட்டையான நுரைக்கல் இருக்கிறதே, தண்ணீரில்கூட மிதக்கும், அது இப்படி நுரைத்து உறைந்த எரிமலைக் கல்தான்.

1991-ல் இரண்டு எரிமலைகள் விழித்தன. ஒன்று நம் பாரன் தீவு. பசால்ட் குழம்பு. வெளியே வழிந்து, கல்லும் சாம்பலும் எறிந்து, பல மாதம் கழித்து அடங்கியது. மற்றொன்று பிலிப்பைன்ஸில் உள்ள பினாடுபோ. அது டேசைட். சிலிக்கா நூற்றுக்கு 64-க்கு மேல். சுமார் 500 ஆண்டு தூங்கிக் கிடந்த மலை. ஜூன் 15-ஆம் தேதி வெடித்தபோது புகை 30 கிலோமீட்டருக்கும் மேலே போயிற்று. மறு ஆண்டு உலகம் முழுவதும் சூடு அரை டிகிரி அளவு குறைந்தது. ஆனால் விஞ்ஞானிகள் அந்த மலையின் பழைய கற்களையும் சாம்பல் அடுக்குகளையும் முன்பே பார்த்து, இது லேசாக வெடிக்கிற மலை அல்ல என்று எச்சரித்திருந்தார்கள். பல ஆயிரம் மக்களை அப்புறப்படுத்தினார்கள். அதனால் பெரிய சாவு தவிர்ந்தது. இறந்தவர்களில் பலர் நெருப்பில் சாகவில்லை. அன்றே புயல் மழையும் வந்தது. மழையில் நனைந்த சாம்பல் பாரம் தாங்காமல் கூரை இடிந்து செத்தார்கள்.

நம் பாரன் தீவு வரிசையிலேயே பயங்கரமான மலைகள் உண்டு. 1815-ல் தம்போரா. 1883 ஆகஸ்ட் 27-ல் கிரகடோவா. அதில் 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது அது எழுப்பிய கடல் அலை. எல்லாவற்றுக்கும் மேலே, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா. அதன் சாம்பல் கடல் தாண்டி நம் நாட்டில் விழுந்தது. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அது இன்றும் வெள்ளை அடுக்காகக் கிடக்கிறது. பாத்திரம் துலக்கும் பொடியில் சேர்க்க அதை வெட்டி எடுத்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பேர்ப்பட்ட வெடிப்பு, கடைசியில் பாத்திரம் துலக்கப் போயிற்று.

இறங்கும் தட்டு எரிமலையை மட்டும் உண்டாக்குவதில்லை. இரண்டு தட்டுகளும் உரசும் இடம் சில சமயம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேல் தட்டின் ஓரம் மூங்கில் போல வளைந்துகொண்டே போகும். என்றாவது பிடி விட்டால் விசுக்கென்று நிமிரும். 2004 டிசம்பர் 26-ல் நடந்தது அதுதான். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிடி விட்டது. நாகப்பட்டினத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நம் கேரளத்தில் கொல்லம் மாவட்டம் ஆலப்பாட்டிலும் அலை வீடு புகுந்தது. பல இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. அது என்னவென்று தெரியாமல் மீன் பொறுக்க இறங்கியவர்கள் உண்டு. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் கடலின் போக்கைக் கண்டதும் மேட்டுக்குப் போய்த் தப்பித்தார்கள். கடற்கரையில் இருக்கும்போது பலமான நில நடுக்கம் வந்தாலோ, கடல் திடீரென்று பின்வாங்கினாலோ, யாரும் சொல்லக் காத்திருக்காதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். 2007 முதல் ஐதராபாத்தில் ஓர் எச்சரிக்கை மையமும் வேலை செய்கிறது.

நம் பக்கத்து மலைகள்

மூணாறு எஸ்டேட்டிலிருந்து இங்கே குடிவந்த ஓர் அக்கா கேட்டார்: "எங்க மலையும் இப்படி வெடிக்குமா தம்பி?"

வெடிக்காது, அக்கா. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகள் எரிமலைகள் அல்ல. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, பிறகு மேலே வந்த பழைய கருங்கல். நம் பக்கத்தில் எங்கும் தட்டு இறங்கவில்லை. ஆனால் அந்த மலைகளில் வேறு ஆபத்து உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அங்கேயும் தண்ணீர்தான் காரணம். ஆனால் அது பூமிக்குள் போன தண்ணீர் அல்ல, சரிவில் ஊறிய மழை. கனமழை நாட்களில் மலையடி லயத்தை விட்டு முகாமுக்குப் போகச் சொன்னால் போய்விட வேண்டும். எரிமலைக்குப் பயப்படுவதைவிட அது முக்கியம்.

இன்று வெடிக்காது. ஆனால் முன்னொரு காலத்தில்?

நம் பாலக்காட்டுக் கணவாய் ஊரறிந்தது. ஆனால் புவியியல் புத்தகங்களில் பாலக்காட்டின் பெயர் வேறொரு காரணத்துக்காக உலகம் முழுக்கத் தெரியும். பாலக்காட்டிலிருந்து கிழக்கே கோயம்புத்தூர், நாமக்கல் வழியாகக் காவேரிக் கரை வரை ஒரு பட்டை போகிறது. பாலக்காடு-காவேரிப் பட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டைக்கு வடக்கே இருக்கும் நிலமும் தெற்கே இருக்கும் நிலமும் முன்பு தனித்தனியாக இருந்தன, நடுவே ஒரு கடல் இருந்தது, அந்தக் கடலின் தரை பூமிக்குள் இறங்கி இறங்கி, சுமார் 53 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலே மூடிப் போயிற்று என்று பல புவியியலாளர்கள் கருதுகிறார்கள். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தையல் விழுந்த இடம் இன்னும் தெற்கே என்பாரும் உண்டு.

கடல் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? காவேரி ஓடும் பகுதியில் மணமேடு என்ற இடத்தில் பழைய கடலடிப் பாறைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. எழுபது, எண்பது கோடி ஆண்டுக்கு முந்தியவை. அவற்றைப் பொடித்துப் பார்த்தார்கள். தட்டு இறங்கும் இடத்தில் பிறந்த கல்லின் அடையாளம் அதில் இருந்தது. பாரன் தீவுக் கல்லில் இருக்கும் அதே வகை அடையாளம். கடல் போய்விட்டது. எரிமலைகள் தேய்ந்து மண்ணாகிவிட்டன. அந்தக் கல்லில் மட்டும் நயோபியம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது.